சீதனம் வேண்டாம் என்று எழுதும் மாப்பிள்ளை

சென்ற ஆண்டு ஒரு நாள் அஸர் தொழுதுவிட்டு வீடு திரும்பியபோது, என்னிடம் ஓதிய மாணவி ஒருவரின் உம்மா வாசலில் காத்திருந்தார். கையில் மகளின் கைப்பேசி. "மௌலவி, இத ஒருக்கா பாருங்க. இந்த மாப்பிள்ள நல்லவரா எண்டு சொல்லுங்க" என்றார்.

வாங்கிப் பார்த்தேன். லண்டனில் மருத்துவராக இருப்பதாகச் சொல்லிக்கொண்ட ஒருவர், ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். ஒவ்வொரு நாளும் ஸலாத்துடன் தொடக்கம். ஸுபஹுக்கு எழும்பினீர்களா என்று விசாரிப்பு. மூன்றாவது கிழமையில் அந்த வரி வந்திருந்தது: எனக்கு வீடும் வேண்டாம், சீதனமும் வேண்டாம், அது மார்க்கத்தில் இல்லாதது, மஹரை நான் தருகிறேன்.

பிள்ளைக்கு வயது இருபத்தொன்பது. வாப்பா மௌத்தாகி நான்கு வருடம். மகளுக்கென்று அவர் கட்டத் தொடங்கிய வீடு கூரை மட்டத்தோடு நிற்கிறது. இதற்கு முன் பேசி வந்த மூன்று சம்பந்தங்களும் அந்தக் கூரையில்லாத வீட்டைப் பார்த்துத்தான் திரும்பிப் போயின. இப்படிப்பட்ட ஒரு பிள்ளைக்கு அந்த வரி எப்படி இனித்திருக்கும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

அதன் பிறகு பார்சல் கதை. நகையும் உடுப்பும் அனுப்பியிருப்பதாக அவர் எழுத, இரண்டு நாளில் ஒரு பெண் தொலைபேசியில் அழைத்து, பொதி கட்டுநாயக்கவில் சுங்கத்தில் நிற்கிறது, தீர்வை கட்டுங்கள் என்றாளாம். ஒரு இலட்சத்து இருபதாயிரம் ரூபா கட்டியாகிவிட்டது. இன்னும் இரண்டு இலட்சம் கேட்கிறார்கள். காப்பை அடகு வைக்கலாமா என்று கேட்கத்தான் அந்தத் தாய் வந்திருந்தார். பணம் போட்ட துண்டைப் பார்த்தேன். யாரோ ஒரு தனியாளின் வங்கிக் கணக்கு. சுங்கத் திணைக்களம் தீர்வைப் பணத்தைத் தனியாளின் கணக்கில் போடச் சொல்லுமா? "காப்பு கையிலேயே இருக்கட்டும் உம்மா" என்றேன். பொலிஸில் முறைப்பாடு கொடுத்தோம். பணம் இன்றுவரை திரும்பவில்லை.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. காரணம் போன பணமல்ல. சீதனம் கூடாது என்று இருபது வருடங்களாக மிம்பரில் நின்று நானும் பேசி வருகிறேன். ஜமாஅத் தலைகளை ஆட்டிக் கேட்கிறது. பிறகு வீடு இருக்கிறதா என்றுதான் பெண் பார்க்கப் போகிறது. எங்கள் குத்பாவை நாங்கள் அமல் செய்யவில்லை. எங்கோ இருக்கும் ஒரு கள்ளன் அதைப் பாடமாக்கிக்கொண்டு, எங்கள் பிள்ளைக்கே ஓதிக் காட்டுகிறான்.

காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி என்று வாவிக்கரையோரம் வாழும் நமக்குத் திருமணத்தில் வீடும் குடியும் எவ்வளவு பெரியவை என்பது தெரியும். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து வாழ்வதே இங்கு வழமை. தாய்வழியாக வரும் குடியைக் கேட்டுத்தான் பெரியவர்கள் அடுத்த வார்த்தை பேசினார்கள். குடி கேட்பதில் பெருமையடிப்பதும் இருந்தது, அதை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் அந்தக் கேள்விக்குள் ஒரு விசாரணை இருந்தது. உம்மா யார், மாமா யார், எந்தப் பள்ளிவாசல், வாப்பா யாரிடம் கடன் பட்டார் என்பதெல்லாம் அந்த ஒரு கேள்வியில் வெளியே வந்துவிடும். கைப்பேசியில் வரும் மாப்பிள்ளைக்குக் குடி இல்லை. அந்த விசாரணையை வேறு வழியில் நாமேதான் செய்தாக வேண்டும்.

இந்தச் சம்பவம் வெளியே தெரிந்த பிறகு, பெற்றோர் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "வெளிநாட்டு வரன் பார்க்க எந்தச் செயலி நம்பகமானது? இலவசமாக நிறைய இருக்கிறதே?"

இலவசம் என்பதை முதலில் பார்ப்போம். கடைக்காரர் காசு வாங்காமல் சாமான் தந்தால், அவருக்கு வேறு எங்கோ இலாபம் இருக்கிறது. 2020 நவம்பரில் வெளியான ஒரு செய்தி முஸ்லிம் உலகையே திடுக்கிட வைத்தது. தொழுகை நேரமும் கிப்லாவும் காட்டும் 'முஸ்லிம் புரோ' செயலி, அதைப் பயன்படுத்துவோர் எங்கே இருக்கிறார்கள் என்ற தகவலை 'எக்ஸ்-மோட்' என்ற அமெரிக்கத் தரகு நிறுவனத்துக்குக் கொடுத்து வந்தது தெரியவந்தது. அந்நிறுவனத்திடம் வாங்கியோரில் அமெரிக்க இராணுவத்தின் ஒப்பந்தக்காரர்களும் இருந்தார்கள். அதே செய்தியில் 'முஸ்லிம் மிங்கிள்' என்ற துணை தேடும் செயலியின் பெயரும் இருந்தது. முஸ்லிம் புரோ அந்தத் தொடர்பை நிறுத்திக்கொள்வதாக உடனே அறிவித்தது. 2024 ஜனவரியில் அமெரிக்க வர்த்தக ஆணைக்குழு, இத்தகைய அந்தரங்க இடத் தகவல்களை விற்கக் கூடாதென எக்ஸ்-மோட்டைத் தடுத்தது. பெயரில் 'முஸ்லிம்' இருப்பது நம்பிக்கைக்கு ஆதாரமாகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. எனவே எந்தச் செயலியாக இருந்தாலும், இருப்பிடத்தையும் தொடர்பு இலக்கங்களையும் பார்க்க அனுமதி கேட்டால் மறுத்துவிடுங்கள். மறுத்தால் வேலை செய்யாது என்றால், அது வேண்டாம்.

இன்று முஸ்லிம்களிடையே அதிகம் பேசப்படுவது 'முஸ்'. லண்டனில் ஷஹ்சாத் யூனுஸ் என்பவர் 'முஸ்மேட்ச்' என்ற பெயரில் தொடங்கினார். பெயர் விடயத்தில் 'மேட்ச்' நிறுவனம் தொடுத்த வழக்கில் தோற்று, 2022இல் பெயரை மாற்றிக்கொண்டார்கள். இதை நான் சிபாரிசு செய்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் அதில் உள்ள ஒரு வசதி கவனிக்கத்தக்கது. பெண் விரும்பினால் தன் வலியை, அதாவது வாப்பாவையோ சகோதரனையோ, சேர்த்துக்கொள்ளலாம். உரையாடலின் பிரதி அவருக்குப் போகும். படத்தை மங்கலாக்கி மறைக்கலாம். உறுப்பினர் தன் முகத்தைப் படம் பிடித்துக் காட்டி உறுதிப்படுத்தும் ஏற்பாடும் உண்டு. ஒரு செயலியை எடை போடுவதற்கு என் முதல் கேள்வி இதுதான்: வலிக்கு அங்கே கதவு திறந்திருக்கிறதா? திறந்திருந்தும், வலியைச் சேர்த்ததும் மறுபக்கத்து ஆள் காணாமல் போனால், பதில் கிடைத்துவிட்டது.

முகத்தை உறுதிப்படுத்தினாலும் குணம் உறுதியாவதில்லை. ஒருவருக்காகச் சாட்சி சொல்ல வந்தவரிடம் உமர் (ரழி) அவர்கள் கேட்டதாக ஒரு சம்பவம் அறிவிக்கப்படுகிறது. நீர் இவருடைய அயலவரா? இவருடன் பயணம் செய்திருக்கிறீரா? பணத்தில் கொடுக்கல் வாங்கல் செய்திருக்கிறீரா? மூன்றுக்கும் இல்லை என்றார் அவர். அப்படியானால் பள்ளிவாசலில் அவர் தொழுவதை மட்டும்தான் பார்த்திருக்கிறீர், அவரை உமக்குத் தெரியாது என்றார்கள் உமர் (ரழி). கைப்பேசியில் ஸலாம் எழுதுவது அதைவிடச் சுலபம். ஆகவே அந்த ஊர்ப் பள்ளிவாசலின் தொலைபேசி இலக்கத்தை நீங்களாகத் தேடி எடுத்து, இமாமிடம் கேளுங்கள். மாப்பிள்ளை தரும் இலக்கத்தில் பேசுவது அவருடைய கூட்டாளியாகவும் இருக்கலாம். அந்த ஊரில் நம்மவர் யாராவது இருந்தால் நேரில் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். கட்டார், சவூதி, இங்கிலாந்து என்று எங்கும் நம் பிள்ளைகள் இருக்கும்போது இது பெரிய காரியமல்ல. வலி பக்கத்திலிருக்க முகம் பார்த்து வீடியோவில் பேசச் செய்யுங்கள்.

விசாரித்தால் புறம் பேசியதாகிவிடுமோ என்று சிலர் தயங்குகிறார்கள். ஃபாத்திமா பின்த் கைஸ் (ரழி) அவர்கள் தம்மைப் பெண் கேட்ட இருவரைப் பற்றி நபி (ஸல்) அவர்களிடம் ஆலோசனை கேட்டபோது, இருவரின் குறையையும் நபியவர்கள் வெளிப்படையாகச் சொல்லி, உஸாமா (ரழி) அவர்களை மணக்கச் சொன்னார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள செய்தி இது. சம்பந்த விடயத்தில் கேட்பதும் உள்ளதைச் சொல்வதும் அமானிதம்.

மறுபக்கத்தில் இருப்பவர் யார் என்பதற்கு இன்னொரு முகமும் உண்டு. 2024இல் மியன்மாரின் மியாவாடிப் பகுதி மோசடி முகாம்களிலிருந்து இலங்கை இளைஞர்கள் சிலர் மீட்கப்பட்டார்கள். கணினி வேலை என்று நம்பிப் போய் அடைபட்டவர்கள். இத்தகைய முகாம்களில் போலிப் பெயர்களில் காதல் மொழி எழுத வைத்துத்தான் வேலை வாங்குகிறார்கள். அமெரிக்காவில் 2022இல் மட்டும் சுமார் 70,000 பேர் இவ்வகை மோசடியை முறையிட்டார்கள். இழந்தது 130 கோடி டொலர். படித்த நாட்டவர்களே ஏமாறும்போது நம் பிள்ளையை மட்டும் ஏசிப் பயனில்லை.

இதைத் தகப்பன்மாருக்கும் காக்காமாருக்கும் அழுத்திச் சொல்கிறேன். படத்தை அனுப்பிவிட்டு மிரட்டலுக்குள்ளாகும் பிள்ளை, மிரட்டுபவனைவிட வீட்டுக்குத்தான் அதிகம் பயப்படுகிறாள். அந்தப் பயம்தான் அவனுடைய மூலதனம். மிரட்டினால் ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். செய்திகளை அழிக்காமல் வைத்துக்கொண்டு பொலிஸுக்குப் போங்கள். பெண்களுக்கான 1938 என்ற இலக்கத்திலும் உதவி கேட்கலாம்.

எல்லாம் சரியாக அமைந்தாலும் சட்ட விடயம் ஒன்று பாக்கி. 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டம் இலங்கையில் வதியும் முஸ்லிம்களுக்கானது. வெளிநாட்டுப் பிரஜையுடனான விவாகத்தை எச்சட்டத்தின் கீழ் பதிவது, அவர் விவாகத் தடையற்றவர் என்பதற்கு எந்தச் சான்று வேண்டும் என்பவற்றை நிக்காஹ்வுக்கு முன்பே மாவட்டப் பதிவாளரிடம் கேட்டு முடித்துவிடுங்கள். முதல் மனைவி இருக்கிறாளா என்பதும் அப்போதே தெரியவரலாம். ஓதி முடித்துவிட்டுப் பிறகு பார்ப்போம் என்றால், கடல் கடந்திருக்கும் கணவனிடம் காதி நீதிமன்றத்தின் அழைப்பாணையைச் சேர்ப்பதே பெரும்பாடு.

அந்த மாணவி சில மாதங்கள் கைப்பேசியைத் தொடவில்லை. ஒருநாள் உம்மாவுடன் வந்தாள். "மௌலவி, அவன் கள்ளன்தான். ஆனா அவன் எழுதினது நீங்க செல்லித் தந்ததுதானே. உண்மையா அப்படிச் செல்ற ஒருத்தர் ஊருக்குள்ள இருந்தா நான் ஏன் வெளியில தேடுறன்?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இருக்கவில்லை. இப்போது அவளுடைய தம்பியை வலியாகச் சேர்த்து மீண்டும் பதிந்திருக்கிறார்கள். மலேசியாவிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். அவருடைய பள்ளிவாசல் எது என்று தம்பி கேட்டிருக்கிறான். போன வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் விசாரித்தேன். பதில் இன்னும் வரவில்லை என்றான்.