96 பாடல்கள், தட்டுக்கு 89 சென்ட்

அமெரிக்கப் பாடகர் பிராங்க் சினாட்ரா கேபிடல் இசைத்தட்டு நிறுவனத்துக்காகப் பாடிய சிங்கிள்கள் 1996இல் ஒரே தொகுப்பாக வந்தன: 4 குறுந்தகடுகள், 96 பாடல்கள். தகட்டுக்குச் சராசரி 24 பாடல். ஒரு குறுந்தகடு சுமார் 80 நிமிடம் கொள்ளும்; எனவே பாடலின் சராசரி நீளம் 3 நிமிடம் 20 வினாடியைத் தாண்ட வழியில்லை.

அவருடைய எல்.பி. (நெடுநேர இசைத்தட்டு) பாடல்களின் நீளமும் ஏறக்குறைய இதுவே. 1955இல் வந்த ‘இன் த வீ ஸ்மால் அவர்ஸ்’ தட்டில் 16 பாடல்கள், மொத்தம் 48 நிமிடம் 41 வினாடி. பாடலுக்கு 3 நிமிடம் 3 வினாடி. வேறுபாடு விலையில்தான் இருந்தது.

அமெரிக்காவில் 1955 ஜனவரியில் ஆர்.சி.ஏ. விக்டர் தன் 12 அங்குல எல்.பி.யின் விலையை 5.95 டாலரிலிருந்து 3.98 டாலராக, அதாவது 33%, குறைத்தது. சிங்கிளுக்கான, நிமிடத்துக்கு 45 சுழற்சித் தட்டு அப்போது 89 சென்ட். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பாடல். ஒரு பாடலுக்கு 44.5 சென்ட். 16 பாடல் கொண்ட எல்.பி. 3.98 டாலருக்குக் கிடைத்தால் ஒரு பாடலுக்கு 24.9 சென்ட். சிங்கிள் வாங்கியவர் பாடலுக்கு 79% அதிகம் கொடுத்தார். ஆனாலும் கையில் ஒரு டாலர் மட்டும் வைத்திருந்தவருக்கு எட்டிய விலை அதுதான். சிங்கிளை மலிவுச் சரக்கு என்று ஒதுக்குவோர் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். 96 பாடல்களையும் 48 தட்டுகளாக 89 சென்ட் வீதம் வாங்கியிருந்தால் 42.72 டாலர் ஆகியிருக்கும், 10 எல்.பி.களின் விலையைவிட 2.92 டாலர் அதிகம்.

கேபிடல் காலத்து சிங்கிள்களில் ‘லேர்னிங் த ப்ளூஸ்’ 1955இல் பில்போர்ட் இதழின் வானொலி ஒலிபரப்புப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. 1954இல் ‘யங் அட் ஹார்ட்’ 2ஆம் இடம் வரையும், 1956இல் ‘ஹே! ஜெலஸ் லவர்’ 3ஆம் இடம் வரையும் ஏறின. சினாட்ராவின் சாதனைகளாக விமர்சகர்கள் முதலில் சொல்பவை 1955இன் அந்த 16 பாடல் தட்டும், 1956இன் 15 பாடல் கொண்ட ‘சாங்ஸ் ஃபார் ஸ்விங்கிங் லவ்வர்ஸ்’ தட்டும். இரண்டிலும் சேர்த்து 31 பாடல்கள். மேற்சொன்ன மூன்றில் ஒன்றுகூட அவற்றில் இல்லை. எல்.பி.களை மட்டும் கேட்டு சினாட்ராவை எடைபோடுவது பாதிக் கணக்கு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

திரைப்பாடல்களும் அப்படியே. 1954, 1957, 1959 ஆகிய ஆண்டுகளின் படங்களுக்குச் சிறந்த பாடலுக்கான ஆஸ்கர் பெற்றவை முறையே ‘த்ரீ காயின்ஸ் இன் த ஃபவுண்டன்’, ‘ஆல் த வே’, ‘ஹை ஹோப்ஸ்’. 6 ஆண்டுகளில் 3, சரிபாதி. மூன்றையும் சினாட்ரா கேபிடல் சிங்கிளாகப் பாடினார்.

சிங்கிளுக்கான பாடல்களின் எண்ணிக்கை சரிந்ததையும் குறிக்க வேண்டும். கேபிடலுக்கு முன் கொலம்பியா நிறுவனத்தில், 1943 முதல் 1952 வரையிலான 10 ஆண்டுப் பதிவுகள் முழுத் தொகுப்பில் 285, ஆண்டுக்கு 28.5. பெரும்பாலும் 78 சுழற்சித் தட்டுக்காகப் பதிவானவை. கேபிடலின் 96 சிங்கிள் பாடல்களை 1953 முதல் 1962 வரையிலான 10 ஆண்டுகளுக்குப் பகிர்ந்தால் ஆண்டுக்கு 9.6, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. மீதி உழைப்பு எல்.பி.க்குப் போனது என்று கொள்ளலாம்.