ஏ.ஐ. ஏன் இலவசமாகக் கிடைக்கிறது?

2025 ஜூலையில் ஏர்டெல் வாடிக்கையாளர்களுக்கு பெர்பிளெக்சிட்டி புரோ ஓராண்டு இலவசம் என அறிவிக்கப்பட்டது. அடுத்து ஜியோ, கூகுள் ஜெமினி புரோவை 18 மாதங்களுக்குத் தந்தது. அதே ஆண்டு நவம்பர் 4 முதல் சாட்ஜிபிடி கோவும் இந்தியாவில் ஓராண்டு இலவசமாகத் தரப்பட்டது. சும்மாவா கொடுக்கிறாங்க?

முதல் காரணம், பழக்கம். ஓராண்டு ஒரே செயலியில் பேசிப் பழகியவர் எளிதில் வேறொன்றுக்கு மாற மாட்டார்.

இரண்டாவது, தகவல். கூகுள் தேடலில் ‘தலைவலி மாத்திரை’ என்று இரண்டு சொல்லோடு நிறுத்திக்கொள்வோம். ஏ.ஐ.யிடமோ ஸ்கேன் ரிப்போர்ட், கடன், குடும்பச் சண்டை என எல்லாத்தையும் கொட்டிவிடுகிறோம். இந்த உரையாடல்கள் அடுத்த மாடலுக்கான பயிற்சிக்கும் பயன்படலாம்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் நிறைவேறியது. விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாகின. ஒப்புதல், தகவலை நீக்கக் கோரும் உரிமை போன்ற முக்கியப் பிரிவுகள் அமலுக்கு வர அதிலிருந்து 18 மாதங்கள். அதற்குள் ஓராண்டு இலவசங்கள் முடிந்துவிடும்!

அதுவரை என்ன செய்யலாம்? சாட்ஜிபிடி செட்டிங்ஸில் ‘டேட்டா கன்ட்ரோல்ஸ்’ பகுதிக்குச் சென்று ‘இம்ப்ரூவ் த மாடல் ஃபார் எவ்ரிஒன்’ என்பதை ஆஃப் செய்யுங்கள். அதன் பிறகான உரையாடல்கள் பயிற்சிக்குப் போகாது. ஆதார் எண், வங்கி விவரம் மட்டும் எங்கேயும் வேண்டவே வேண்டாம்.