பரணை ஒழித்துக் கொடுத்தால் காசு வருமா?

2021 அக்டோபரில் நம் வடசென்னைத் திருவொற்றியூரில் நடந்த சங்கதி பலருக்கு நினைவிருக்கும். வீட்டுக்காரர் 100 கிராம் தங்க நாணயத்தை ஒரு பழைய பையில் சுருட்டிக் கட்டிலுக்கடியில் வைத்திருந்தார். விஷயம் தெரியாத மனைவி, வீட்டைச் சுத்தம் பண்ணும்போது பையைக் குப்பையோடு சேர்த்துப் போட்டுவிட்டார். குப்பை பிரித்துக்கொண்டிருந்த தூய்மைப் பணியாளர் பெண்மணி அதைக் கண்டெடுத்துக் கொடுக்க, போலீஸ் மூலமாக நாணயம் வீடு திரும்பியது.

"வீட்டை ஒழிச்சு ஒழுங்கு பண்றதுல எனக்குக் கை வரும். அதையே தொழிலாப் பண்ணலாமா?" என்று கேட்கிறவர்களுக்கு முதலில் இந்தக் கதையைத்தான் சொல்வேன். டீயை எடுத்துக்கொள்ளுங்கள், சொல்கிறேன். இந்தத் தொழிலில் காசு கிடைப்பது, அந்தப் பையைத் திறந்து பார்த்துவிட்டுப் போடுகிற கைக்கு.

தொழில் புதிதில்லை. அமெரிக்காவில் 1980களிலேயே இதற்குச் சங்கம் வைத்துவிட்டார்கள். ஜப்பானின் மாரி கோண்டோ 19 வயதில், கல்லூரியில் படிக்கும்போதே அடுத்தவர் வீட்டை ஒழித்துக் கொடுக்க ஆரம்பித்தவர். 2019இல் நெட்ஃபிளிக்ஸில் தொடரே வந்தது. (மூன்று பிள்ளைகள் பிறந்தபின், தன் வீட்டில் அதையெல்லாம் கொஞ்சம் கைவிட்டுவிட்டதாக 2023இல் அவரே சொன்னார். பிள்ளை பெற்றவர்கள் மன்னித்துவிடுவார்கள்.)

அவருடைய வரிசை: முதலில் துணி, பிறகு புத்தகம், காகிதம், சில்லறைச் சாமான், கடைசியில் நினைவுப் பொருள். நம்மூரில் துணியில் கை வைத்தால் மாட்டிக்கொள்வோம். பீரோவைத் திறந்தால் கூறைப்புடவை, அதன் கீழே செத்துப்போன அம்மாவின் புடவை. முதல் அரைமணி அழுகையிலேயே போய்விடும். அடுப்படியில் ஆரம்பியுங்கள். டப்பா இல்லாத மூடிக்காகவோ, மிக்சி போனபின் தங்கிவிட்ட ஜாருக்காகவோ, தேதி தாண்டிய இருமல் டானிக்குக்காகவோ யாரும் அழுவதில்லை. நாலு பொருளைக் கழித்துப் பழகிய மனசு அப்புறம் பீரோவுக்கு வரும்.

பரணை எடுத்துக்கொள்ளுங்கள். ராயபுரம் பக்கத்து ஒண்டுக்குடித்தனத்தில் பரண்தான் வீட்டின் இன்னொரு அறை. மேலே எவர்சில்வர் அண்டா. அண்டாவுக்குள் அடுக்குப் பாத்திரம், அதற்குள் ஒரு பிளாஸ்டிக் கவர், கவருக்குள் பழைய ரேஷன் கார்டு, மின்கட்டண அட்டை, நடுவில் மடித்து வைத்த மூலப் பத்திரம். எதையும் உதறிப் பார்க்காமல் கீழே இறக்கக் கூடாது. வீட்டு ஆள் பக்கத்தில் இருக்கும்போதுதான் திறக்க வேண்டும். போகும்போது இரண்டு பேராகப் போங்கள். பணமோ நகையோ கண்ணில் பட்டால் அந்த நிமிஷமே கையில் கொடுத்துவிட வேண்டும். எது போகும் எது இருக்கும் என்று சொல்வது அவர்கள். கேட்பதும் தூக்குவதும் மட்டுமே நம் வேலை.

காயலான் கடையில் எடைக்குப் போட்டு வரும் காசும் அவர்களுக்கே. அதில் நீங்கள் ஆசைப்பட்டால், "எடைக்குப் போடத்தான் எல்லாத்தையும் வேணாம்னு சொல்றா" என்று ஒரு பேச்சு கிளம்பும். தெருவில் ஒருதரம் கிளம்பினால் அடங்காது. கூலியை அறைக் கணக்கில் பேசாமல் அரை நாள் கணக்கில் பேசுங்கள். இங்கே அறை சின்னது, அடைத்திருப்பது அதிகம்.

இனி எல்லாரும் கேட்கும் கேள்வி: "வீட்டை ஒழிக்க இந்த ஏரியாவுல யாரு காசு குடுப்பா?" நியாயம்தான். சும்மா ஒரு செவ்வாய்க்கிழமை யாரும் கொடுக்க மாட்டார்கள். வீடு மாறும்போது, கல்யாணம் வைத்திருக்கும்போது, பெரியவர் ஒருவர் போனபின் அவர் அறையைத் திறக்கத் தைரியம் இல்லாதபோது கொடுப்பார்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னும் வேலை உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர் கழிமுகத்தை ஒட்டிய வீடுகளுக்குள் வெள்ளத்தோடு எண்ணெயும் புகுந்தது. பத்திரங்களைத் தண்ணீர் புகாத கவரில் போட்டு மேல்தட்டில் ஏற்றிக் கொடுப்பது ஒரு மணி நேர வேலை. அதற்குக் காசு வாங்காதீர்கள், அடுத்த வேலை தானாக வரும்.

என்னைக் கேட்டால், இந்தப் பக்கத்தில் நிலையான வருமானம் வீடுகளைவிட மண்ணடி, ராயபுரம், ராஜாஜி சாலையில் இருக்கும் கிளியரிங் ஏஜென்ட் அலுவலகங்களில்தான். சுங்கத்துறை ஆவணங்களை ஆன்லைனில் ஏற்றும் முறை வந்து வருஷக்கணக்காகிறது. பழைய ஃபைல் மூட்டைகள் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன, ஆளுக்கு நாற்காலி போட இடமில்லை. கிளியரிங் ஏஜென்ட் தன் பதிவேடுகளைக் குறைந்தது 5 வருடம் வைத்திருக்க வேண்டும் என்கிறது சுங்க விதி. ஜிஎஸ்டி கணக்கு என்றால், அந்த வருடத்து ஆண்டு ரிட்டர்னுக்கான கடைசி நாளிலிருந்து 72 மாதம். வழக்கு நடக்கும் ஃபைல் என்றால் அது முடிந்து மேலும் ஒரு வருடம் போகும்வரை தொடவே கூடாது. எந்த வருடத்து மூட்டை போகலாம் என்பதை அவர்களுடைய ஆடிட்டரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கழித்ததைக் கிழிக்கும் மெஷினில் விடாமல் எடைக்குப் போட்டால், யாரோ ஒரு இறக்குமதியாளரின் இன்வாய்ஸில் நாளைக்கு நாமே பஜ்ஜி சாப்பிடுவோம்.

அரசாங்கக் காரியம் சுலபம். உத்யம் பதிவு முழுக்க இலவசம், ஆதாரும் பான் கார்டும் போதும். பணம் கேட்கிற இணையதளமோ தரகரோ வந்தால் நம்பாதீர்கள். சேவைத் தொழிலில் வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டும்வரை பொதுவாக ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. கையில் முதல் இல்லையென்றால் முத்ராவின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை கடன் கேட்கலாம். ஆனால் ஏணி, கையுறை, முகக்கவசம், சாக்கு, மார்க்கர் பேனா வாங்கக் கடன் எதற்கு?

கழித்தது எங்கே போகிறது என்பதும் உங்கள் பொறுப்பு. கட்டுகிற நிலையில் உள்ள துணியைப் பாத்திரக்காரம்மாவிடம் போடலாம். பழைய டிவி, கம்ப்யூட்டரை அனுமதி பெற்ற மின்கழிவு மையத்துக்கு அனுப்புங்கள். மெத்தை, சோபாவுக்கு மாநகராட்சியின் 1913 எண்ணில் கேளுங்கள். நாம் கண்ணை மூடிக்கொண்டு வீசுவதெல்லாம் கொடுங்கையூர்க் கிடங்கில்தான் போய்ச் சேரும், அந்தப் புகை நம் வீட்டு ஜன்னலுக்கே வரும்.

போகிக்கு முந்தின மூன்று வாரம்தான் இந்தத் தொழிலின் சீசன். எரிக்கிறதுக்கு முன்னால் எங்களைக் கூப்பிடுங்கள் என்று ஒரு நோட்டீஸ் அடியுங்கள். மார்கழி பிறக்கும் முன்பே கொடுத்துவிடுங்கள், தை பிறந்தபின் யாரும் படிக்க மாட்டார்கள்.