சாவி கைக்கு வரும் முன்

எல்லை தாண்டும் சாலைகள் – 7

மதுரையிலிருந்து விமானம் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய் இறங்கிவிடக்கூடிய வெளிநாட்டு நகரம் கொழும்பு. 2012 செப்டம்பரில் மதுரையின் முதல் சர்வதேச விமானம் பறந்ததும் அங்கேதான். நம்மைப் போலவே சாலையின் இடப்பக்கம் வண்டி ஓட்டுகிற நாடு. பெயர்ப்பலகைகளில் தமிழ் இருக்கும், வெள்ளவத்தைப் பக்கம் போனால் கடைக்காரர் தமிழிலேயே பேசுவார். பழங்காநத்தம் ரவுண்டானாவில் பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் நடுவே தினமும் ஓட்டிப் பழகியவருக்கு, “அங்க போய் ஒரு காரை வாடகைக்கு எடுத்து நாமளே ஓட்டிக்கலாமே” என்று தோன்றுவது இயல்பு. தாராளமாக ஓட்டலாம். ஆனால் அதற்கான ஏற்பாடுகள் மதுரையிலேயே தொடங்கிவிட வேண்டும். போன வாரம் விசாவைப் பார்த்தோம். இந்த வாரம் கார்.

முதல் தேவை, சர்வதேச ஓட்டுநர் அனுமதி. உங்கள் லைசென்ஸ் எந்த ஆர்.டி.ஓ. எல்லைக்குள் வருகிறதோ அங்கே படிவம் 4ஏ கொடுத்து விண்ணப்பிக்க வேண்டும். மத்திய விதிகளின்படி கட்டணம் 1,000 ரூபாய். ஓராண்டுக்குச் செல்லும், அதற்குள் உங்கள் லைசென்ஸ் காலாவதியானால் இதுவும் அன்றோடு முடியும். முன்பு விசாவைக் காட்டினால்தான் விண்ணப்பிக்க முடியும். போய் இறங்கியபின் விசா தருகிற நாடுகளுக்குப் போகிறவர்கள் இதனால் தவித்தார்கள். 2021இல் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு அளவில், ஒவ்வொரு நிறத்தில் கொடுத்துவந்த புத்தகத்தை, 1949 ஜெனீவா ஒப்பந்தத்தின்படி நாடு முழுவதும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்து, கியூஆர் குறியீட்டையும் சேர்த்தது 2022இல். இந்தப் புத்தகம் மட்டும் கையில் இருந்தால் போதாது. அசல் லைசென்ஸும் பாஸ்போர்ட்டும் கூடவே இருக்க வேண்டும்.

இலங்கையில் இன்னொரு படியும் உண்டு. நம் அனுமதிப் புத்தகத்தை அங்கே அங்கீகரித்துக் கொடுக்க வேண்டும். நெடுங்காலமாக இதைச் செய்துவந்தது இலங்கை ஆட்டோமொபைல் சங்கம். 2025 ஆகஸ்ட் முதல் கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் வெளிநாட்டவருக்குத் தற்காலிக லைசென்ஸ் வழங்கத் தொடங்கியது. இந்தப் படியைத் தாண்டாமல் வண்டியை எடுத்தால், விபத்து நேரும் நாளில் நீங்கள் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியவராகத்தான் கருதப்படுவீர்கள்.

அடுத்தது ஒப்பந்தம். விமானத்தில் வந்த களைப்பில் பலரும் படிக்காமல் கையெழுத்துப் போடுவது இங்கேதான். நான்கு விஷயங்களை மட்டுமாவது வாய்விட்டுக் கேளுங்கள். வண்டிக்கு அடிபட்டால் எவ்வளவு தொகை வரை என் தலையில் விழும்? கிரெடிட் கார்டில் எவ்வளவு நிறுத்திவைப்பீர்கள், எப்போது விடுவிப்பீர்கள்? ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டலாம்? இன்னொருவர் ஓட்டினால் காப்பீடு செல்லுமா? பிறகு வண்டியைச் சுற்றிவந்து ஒவ்வொரு கீறலையும், டயரையும், பெட்ரோல் முள்ளையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். திருப்பிக் கொடுக்கும்போதும் அதே மாதிரி எடுங்கள். பெரும்பாலான தகராறுகள் இந்தப் படங்களிலேயே தீர்ந்துவிடும்.

இனிச் சாலை. ரவுண்டானாவுக்குள் ஏற்கெனவே சுற்றிவரும் வண்டிக்குத்தான் முதல் உரிமை. நம் நாட்டின் 2017 ஓட்டுநர் ஒழுங்குமுறையும் இதையேதான் சொல்கிறது. பழங்காநத்தத்தில் அதைக் கடைப்பிடிப்பவர் குறைவு என்பதால் நமக்கு அந்தப் பழக்கம் வரவில்லை. பாதசாரிக் கடவையில் ஆள் கால் வைத்தால் கொழும்பில் வண்டி நிற்க வேண்டும். ஹாரன் அடித்துப் புகுந்துபோக முடியாது. விமான நிலையத்திலிருந்து நகரத்துக்கு 2013இல் திறந்த அதிவேகப் பாதையில் பைக்கும் ஆட்டோவும் வராது. அந்த நிம்மதியில் கால் தானாக ஆக்சிலேட்டரை அழுத்தும். வேகப் பலகையின் மேல் ஒரு கண் இருக்கட்டும்.

துபாய்க்குப் போகிறவர்களுக்கு வேறு சோதனை. அங்கே சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். நெரிசலில் முன்னால் போகிற வண்டியைப் பார்த்தே சரியாகப் போய்விடுவோம். ஆபத்து, ஆளில்லாத சாலையில். பெட்ரோல் போட்டுவிட்டு வெளியே வரும்போதும், இடப்பக்கம் திரும்பும்போதும் பழைய பழக்கம் நம்மை எதிர்த்தடத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் ஒவ்வொரு திருப்பத்திலும் “வலப்பக்கம்” என்று சொல்லிக்கொண்டே வரட்டும். ‘சாலிக்’ சுங்கக் கட்டணம் தானாகப் பதிவாகி, பிறகு வாடகை நிறுவனத்தின் பில்லில் வந்து சேரும்.

மதுரையும் வேறொருவருக்கு வெளிநாட்டு நகரம்தான். சித்திரைத் திருவிழாவுக்கு வரும் கனடா மருமகன், “மாமா, அங்க செல்ஃப் டிரைவ் கார் கிடைக்குமா?” என்று கேட்கிறார். தெரிந்தவரின் வெள்ளை நம்பர் பிளேட் காரை நாள் வாடகைக்குப் பேசிக் கொடுக்கிறோம். இது சட்டவிரோதம். 1989ஆம் ஆண்டின் வாடகைக் கார் திட்டப்படி, குறைந்தது 50 கார்களோடு உரிமம் பெற்ற நிறுவனம்தான் ஓட்டுநர் இல்லாமல் கார் வாடகைக்கு விடலாம். அந்தக் கார்களின் நம்பர் பிளேட் கறுப்பாகவும் எழுத்துகள் மஞ்சளாகவும் இருக்கும். சொந்த உபயோகத்துக்கென்று காப்பீடு செய்த காரை வாடகைக்கு ஓட்டி விபத்தானால், இழப்பீடு தர மறுக்கக் காப்பீட்டு நிறுவனத்துக்கு வழி இருக்கிறது. அப்போது அடிபட்டவரின் குடும்பம் கோர்ட்டு வாசலில் வருடக்கணக்கில் நிற்கும்.

நாம் கேட்கும் காகிதங்கள் அத்தனையும் கடைசியில் போய்ச் சேருவது சாலையில் நடந்துபோகிற, நமக்கு முகம் தெரியாத அந்த மனிதரிடம்தான். நம் தவறால் அவருக்கு அடிபட்டால் அவருடைய சிகிச்சைக்கும் குடும்பத்துக்கும் காசு வந்து சேர அவைதான் வழி செய்கின்றன. அதனால் கனடா மருமகனுக்குக் கறுப்புப் பலகைக் காரையே ஏற்பாடு செய்யுங்கள். நாளுக்கு நானூறோ ஐந்நூறோ கூடுதலாக ஆனாலும் ஆகட்டும்.

அடுத்த வாரம்: வெளிநாட்டில் விபத்து நேர்ந்தால் முதல் ஒரு மணி நேரத்தில் செய்ய வேண்டியவை.