திருவக்கரையில் என்ன கேட்கலாம்?

போன மாசம் திருவக்கரை கல்மரப் பூங்காவுக்குப் போய் வந்ததிலிருந்து ஒரே விஷயம்தான் மண்டைக்குள் ஓடிக்கிட்டு இருக்கு. அங்கே வர்ற ஒருத்தரிடம் மூணு கேள்வி கேட்கலாம்னா, எந்த மூணு?

ஜியோகேச்சிங் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: யாரோ ஒரு இடத்தில் டப்பாவை ஒளித்து வைத்து, அதன் ஜிபிஎஸ் குறியீட்டை இணையத்தில் போடுவார்கள். நாம் போய்த் தேடிக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கிற தாளில் பெயர் எழுதிவிட்டு வரவேண்டும். 2000ஆம் வருஷம் மே மாதம் அமெரிக்காவில் ஆரம்பித்த விளையாட்டு. 2004இல் இதற்கு எர்த்கேச் என்று ஒரு கிளை வந்தது. அமெரிக்கப் புவியியல் சங்கத்தின் முயற்சி அது. இதில் டப்பாவே கிடையாது. அந்த இடத்தின் பாறைதான் புதையல். பக்கத்தை எழுதியவர் சில கேள்விகள் கேட்பார். போனவர் பார்த்துவிட்டுப் பதில் அனுப்பவேண்டும். அந்தக் கேள்விகள் மொக்கையாக இருந்தால் மொத்தமும் மொக்கை.

என் முதல் வரைவு அப்படித்தான் இருந்தது. "இங்குள்ள மரங்களின் வயது என்ன?" "மிக நீளமான கட்டை எத்தனை மீட்டர்?" ஒன்பதாவது படிக்கும் அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். மயிலம் தாண்டும்போதே போனில் தேடி ரெண்டுக்கும் பதில் சொல்லிட்டான். "மாமா, இதுக்கு நான் கார்ல இருந்து இறங்கணுமா?"

நியாயமான கேள்வி. வயது சுமார் 2 கோடி ஆண்டு என்பதை எவரும் கட்டையைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பார்த்தால் தெரியாத ஒன்றைப் பார்க்க வந்தவரிடம் கேட்பது, பலகையைப் பார்த்துக் காப்பியடிக்கச் சொல்வதுதான்.

அப்போ பார்த்தால் தெரிவது எது? உள்ளே கொஞ்ச தூரம் நடந்ததும் அவனே சொன்னான்: "எல்லாம் வெறும் கட்டையா இருக்கே, கிளை எங்க?" அங்கேதான் விஷயமே இருக்கு. திருவக்கரையின் கல்மரங்களில் கிளை, இலை, வேர் எதுவும் ஒட்டிக்கொண்டு இல்லை. இங்கேயே வளர்ந்து இங்கேயே விழுந்திருந்தால் ஒன்றிரண்டிலாவது வேர்க்கட்டை இருக்கணும். ஆகவே இவை வேறெங்கோ வளர்ந்து, ஆற்று வெள்ளத்தில் அடிபட்டு, கிளையெல்லாம் முறிந்து, இங்கே மணலில் புதைந்தவை. காற்றுப் படாமல் புதைந்ததால் சீக்கிரம் மக்கவில்லை. நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா கொஞ்சம் கொஞ்சமாக மரத்துக்குள் இறங்கி, மரம் இருந்த இடத்தைக் கல் பிடித்துக்கொண்டது. நார் ஓடிய கோடுகள்கூட அப்படியே இருக்கின்றன.

அதனால் முதல் கேள்வி: ஏதாவது ஐந்து கட்டைகளைச் சுற்றி வந்து பாருங்கள், மரத்தின் எந்தெந்தப் பாகங்கள் இல்லை? ஏன்? இரண்டாவது: சுற்றியுள்ள மணற்கல்லில் கூழாங்கல் தென்பட்டால் அதன் முனை கூராக இருக்கிறதா, மழுங்கியிருக்கிறதா? ஆற்றில் உருண்ட கல் மழுங்கும். இரண்டு பதிலும் ஒன்றையொன்று தாங்கிப் பிடிக்கும்.

கட்டைகள் எந்தத் திசையில் கிடக்கின்றன என்று போன் திசைகாட்டியில் அளக்கச் சொல்லி, பழைய ஆறு ஓடிய போக்கைக் கணிக்க வைக்கலாம்னு ஓர் ஆசை இருந்தது. விட்டுவிட்டேன். எது கிடந்த இடத்திலேயே கிடக்கிறது, எது நகர்த்தி வைக்கப்பட்டது என்று பார்க்க வருபவருக்குப் பிரித்தறிய வழியில்லை. தப்பான அளவிலிருந்து சரியான ஆறு கிடைக்காது.

இன்னொரு கேள்வியை நீக்கிய கதை வேறு. "உதிர்ந்த சில்லு ஒன்றைக் கையில் எடுத்து, எடை மரம் போல இருக்கிறதா கல் போலவா என்று சொல்லுங்கள்." எழுதும்போது அழகாத்தான் இருந்தது. பையன் குனிந்து ஒரு சில்லை எடுத்தான், எடை பார்த்தான், அடுத்த கட்டையைப் பார்த்துக்கொண்டே அதைச் சட்டைப் பையில் போடப் போனான். திருடும் எண்ணமெல்லாம் இல்லை, கை தானாகப் போனது. அதை அங்கே கொண்டு போனது என் கேள்வி. வருஷத்துக்கு நூறு பேர் இதே கேள்வியோடு குனிந்தால் என்ன மிஞ்சும்? சில்லை எடுத்த இடத்திலேயே வைக்கச் சொன்னேன். அன்றைக்கே ஒரு விதி போட்டுக்கொண்டேன்: என் கேள்வி எதற்கும் கை தேவைப்படக் கூடாது, கண் போதும்.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. ஒரு கட்டையைத் தேர்ந்தெடுத்து ஒரு தாளில் வரையுங்கள். பிறகு அதன் காணாமல்போன பாதியையும் வரைந்து முடியுங்கள். வேர், கிளை, அது நின்ற கரை, விழுந்த ஆறு. கிடைத்த கல்மரங்களில் புளியமரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தவையும் உண்டு. வரும் வழியில் சாலையோரப் புளியமரத்தைப் பார்த்து வைத்தவர்களுக்குக் கிளை வரைய அது உதவும். இதற்குச் சரியான விடை என்று ஒன்று கிடையாது. ஆனால் வேரைக் கட்டைக்கு அடியிலேயே வரைந்தவர் முதல் கேள்வியைப் புரிந்துகொள்ளவில்லை என்பது உடனே தெரிந்துவிடும்.

இடத்தைப் பராமரிக்கும் துறையின் அனுமதி இல்லாமல் எர்த்கேச் பக்கம் போடக் கூடாது. கடிதம் அனுப்பியிருக்கிறேன். அக்கா மகன் வரைந்தது மட்டும் இப்போதைக்கு என் மேஜையில் இருக்கு. பெரிய ஆறு, மிதந்து வரும் மொட்டை மரம், கரையில் எதற்கோ ஓர் எருமை. 2 கோடி வருஷத்துக்கு முன்னாடி எருமை ஏதுடான்னு கேட்டேன். "அளவு தெரியறதுக்கு மாமா"ங்கிறான்.