சேவலிடமும் உண்டு மஞ்சள் கரு!

வீட்டுக் கொல்லையில் மேயும் பெட்டைக் கோழியைப் பாருங்கள். அதன் இரத்தத்தில் ஈஸ்ட்ரஜன் என்னும் ஹார்மோன் ஓடுகிறது. அது ஈரலில் மஞ்சள் கருவுக்குரிய புரதத்தையும், முட்டைக்குழாயில் வெள்ளைக் கருவுக்குரிய புரதத்தையும் உண்டாக்கச் செய்கிறது. இரண்டு இடங்களிலும் இருப்பவை ஒரே மரபணுக்கள்தாம். பிறகு ஏன் இந்த வேறுபாடு?

டி.என்.ஏ. இழையைச் சுற்றிவைத்திருக்கும் முறையே முக்கிய காரணம். மனித உயிரணு ஒன்றில் மட்டும் இவ்விழையின் நீளம் ஏறத்தாழ 2 மீட்டர்! ஹிஸ்டோன் என்னும் புரதங்கள் எட்டு சேர்ந்து ஓர் உருளை. அதன்மேல் இழை ஒன்றே முக்கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றியிருக்கிறது. இப்படி கோடிக்கணக்கான உருளைகள். ஹார்மோனைப் பற்றிக்கொண்ட ஏற்பி, மரபணுவின் அருகே அமர வேண்டும். கட்டு இறுகியிருந்தால் அமர இடமேது?

சேவலின் ஈரலிலும் மஞ்சள் கரு மரபணு உண்டு, அது உறங்குகிறது. ஈஸ்ட்ரஜன் ஊசி போட்டால் கட்டுத் தளர்ந்து, மரபணு விழித்து வேலை செய்யும். மருந்து தீர்ந்ததும் ஓய்ந்துவிடும். மறுமுறை ஊசி போட்டாலோ, முன்னிலும் விரைவாக விழிக்கும்! 1983இல் அமெரிக்க ஆய்வாளர்கள் பர்ச், வெயின்ட்ராப் இருவரும், தளர்ந்த சில இடங்கள் ஹார்மோன் நீங்கிய பின்னும் தளர்ந்தே இருப்பதைக் கண்டனர்.

நம் உடலிலும் ஒரு ஹார்மோன் மார்பகத்தில் ஒரு வேலையும் எலும்பில் வேறு வேலையும் செய்கிறது. ஆகவே, அடுத்த வீட்டாருக்கு மருத்துவர் கொடுத்த ஹார்மோன் மாத்திரையை நீங்கள் வாங்கி விழுங்காதீர்கள். விழுங்குவது ஒரு மாத்திரைதான். அது தட்டும் கதவுகளோ பல!