சமையல்: கலையா, விஞ்ஞானமா?

ஒரே அரிசி, ஒரே பருப்பு, ஒரே அடுப்பு. ஆயினும் இருவர் சமைத்தால் சுவை இரண்டாகிறது. இதனைக் கண்டோர் ‘கைப்பாகம்’ என்று வியந்து, சமையலைக் கலையென்பர். அடுப்பின்மேல் நிகழ்வன யாவும் வெப்பம், நீர், அமிலம், காரம் ஆகியவற்றின் செயல்களே என்று காண்போர் அதனை விஞ்ஞானம் என்பர். கிராமங்களில் உணவைப் பற்றி எடுத்துரைக்கும் களப்பணியாளருக்கும், வகுப்பில் கற்பிக்கும் ஆசிரியருக்கும் இது வெறும் சொல்வழக்கு அன்று. வீட்டுப் பழக்கங்களுள் எதனைப் போற்றுவது, எதனை மாற்றச் சொல்வது என்பது இதற்குக் காணும் விடையைப் பொறுத்தே அமைகிறது.

கை அறிந்த பதம்

‘ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்பது பழமொழி. சோற்றை விரலால் நசுக்கும்போது நடுவே வெண்மையான கடினப் பகுதி இல்லையெனில், மாப்பொருள் முழுவதும் நீரை ஏற்று வீங்கிவிட்டது என்பது பொருள். கருவியின்றிக் கையே இதனைக் கண்டறிகிறது.

குழம்பு வைப்போர் பருப்பு நன்றாக வெந்த பின்னரே புளியைக் கரைத்து ஊற்றுவர். இதற்கும் தக்க காரணம் உண்டு. பருப்பின் உயிரணுச் சுவர்களைப் பிணைத்து நிற்கும் பெக்டின் என்னும் பொருள் கரைந்தால்தான் பருப்பு குழையும். புளியின் அமிலம் அதனை எளிதில் கரையவிடுவதில்லை. கடின நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் பெக்டினை இறுகச் செய்கின்றன. ஆகவேதான் ஓர் ஊர்க் கிணற்று நீரில் விரைவில் வேகும் பருப்பு, வேறோர் ஊர்க் கிணற்று நீரில் நெடுநேரமாகியும் வேகாமல் நிற்கிறது.

கண்ணுக்குப் புலனாகாத இழப்பு

கடின நீர் உள்ள ஊர்களில் பருப்பு வேகும்போது சிட்டிகை சோடா உப்பு இடும் பழக்கம் உண்டு. பருப்பு குழைகிறது, விறகும் மிச்சமாகிறது. ஆனால் சோடாவின் காரத்தன்மையால் தயமின் எனப்படும் வைட்டமின் பி1 சிதைகிறது. குழைந்ததைக் கண் காண்கிறது. சிதைந்ததை நாவும் அறியாது. கைப்பாகத்தின் எல்லை இங்கே புலப்படுகிறது. பருப்பை முன்கூட்டியே ஊறவைத்தலும், மழைநீரையோ மென்னீரையோ கொண்டு வேகவைத்தலும் சத்தைக் காக்கும் வழிகள்.

தயமினின் கதை அரிசியோடு பிணைந்தது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜாவாத் தீவில் எய்க்மன் என்னும் டச்சு மருத்துவர், தீட்டிய அரிசியையே தின்ற கோழிகள் கால் முடங்குவதையும், தவிடு நீக்காத அரிசியால் குணமடைவதையும் கண்டார். 1929-இல் அவருக்கு நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. இந்தியாவில் 1918-இல் மக்காரிசன் குன்னூரில் பெரிபெரி நோய் பற்றிய ஆராய்ச்சியைத் தொடங்கினார். அச்சிறு நிலையமே வளர்ந்து, பின்னர் ஐதராபாத்திற்கு மாறி, தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாயிற்று.

ஆந்திரத்தின் வடகடற்கரைப் பகுதியில், ஆலையில் தீட்டிய பச்சரிசியை உண்ட மக்களிடையே அக்காலத்தில் பெரிபெரி காணப்பட்டது. புழுங்கலரிசி உண்ட பகுதிகளில் அது அரிதாயிருந்தது. நெல்லை உமியோடு ஊறவைத்து அவிக்கும்போது, மேற்புறத்தில் உள்ள தயமின் அரிசியின் உட்பகுதிக்குச் செல்கிறது, மாப்பொருளும் இறுகுகிறது. எனவே தீட்டும்போதும் கழுவும்போதும் இழப்பு குறைகிறது. நெல்லை முதன்முதல் புழுக்கியவர்கள் தயமினை அறியார். உமி எளிதில் நீங்குவதும், அரிசி நொறுங்காதிருப்பதும் அவர்கள் கண்ட பயன்கள்.

எனினும், பலமுறை கழுவி, நிறைய நீரில் வேகவைத்து, கஞ்சியை வடித்துக் கொட்டினால் நீரில் கரையும் சத்துக்கள் கஞ்சியோடு போய்விடும். காய்கறியும் பாலும் மிகுந்த இல்லத்தில் இவ்விழப்பு ஓரளவு ஈடுசெய்யப்படும். சோறே பெரும்பகுதி உணவாயுள்ள இல்லத்துக் குழந்தைக்கு ஈடுசெய்வது எது? ஆகவே ஓரிருமுறை மட்டும் கழுவுதலும், அரிசி ஏற்கும் அளவே நீர் வைத்தலும், வடித்த கஞ்சியை உணவில் சேர்த்தலும் வலியுறுத்தத் தக்கவை.

விதியும் காரணமும்

‘வெந்த நீரைக் கொட்டலாகாது’ என்று விதியை மட்டும் கற்பிப்பதிலும் இடர் உண்டு. மத்தியப் பிரதேசத்தின் ரேவா போன்ற பகுதிகளில், வறட்சியிலும் விளையும் கேசரிப் பருப்பைப் பல மாதங்கள் முதன்மை உணவாகக் கொண்ட ஏழை மக்கள் பலர் கால்கள் விறைத்து முடங்கினர். இதற்குக் காரணமான நச்சு அமினோ அமிலத்தை 1964-இல் இந்திய ஆராய்ச்சியாளர்கள் பிரித்தறிந்தனர். அந்நஞ்சும் நீரில் கரைவது. பருப்பை வெந்நீரில் ஊறவைத்து அந்நீரைக் கொட்டிவிட்டால் நஞ்சின் பெரும்பகுதி நீங்கும், முற்றிலும் நீங்காது. எனவே அதனை முதன்மை உணவாக்காமையே பாதுகாப்பு.

அரிசியில் நீரைக் காப்பதும் கேசரிப் பருப்பில் நீரைக் கொட்டுவதும் எதிர்மாறான செயல்கள். அவற்றின் அடிப்படை ஒன்றே. நீரில் கரைவது நீரோடு செல்லும். இதனை அறிந்தவர் எவ்விடத்தும் தடுமாறார். விதியை மட்டும் மனப்பாடம் செய்தவர் ஓரிடத்தில் நன்மையும் மற்றோரிடத்தில் தீமையும் விளைப்பார்.

வகுப்பிலும் களத்திலும்

இதனை விளக்க ஆசிரியருக்கு ஆய்வுக்கூடம் வேண்டுவதில்லை. இரு பாத்திரங்களில் ஒரே அளவு துவரம்பருப்பும் நீரும் இட்டு, ஒன்றில் மட்டும் தொடக்கத்திலேயே புளி கரைத்து, ஒரே நேரம் வேகவைத்து, விரலால் நசுக்கிக் காட்டினால் போதும். காரணத்தை மாணவரே ஆராய்ந்து கூறட்டும்.

களப்பணியாளர் ஒரு பழக்கத்தைக் குறைகூறுமுன் அது ஏன் தோன்றியது என்று வினவுதல் வேண்டும். சோடா இடும் இல்லத்தரசி அறியாமையால் மட்டும் இடுவதில்லை. கடின நீரும் விறகுத் தட்டுப்பாடும் அவரை அவ்வாறு செய்விக்கின்றன. மாற்றுவழி காட்டாத அறிவுரை அந்த அடுப்படியில் நில்லாது.

பதம் பார்ப்பதும் சுவை கூட்டுவதும் கலை. அப்பதம் ஏன் வருகிறது, அதனோடு எது போகிறது என்று காண்பது விஞ்ஞானம். கைப்பழக்கம் தலைமுறைகளாக ஈட்டிய அறிவை மதித்து, அதனால் காணவியலாத இழப்பை எடுத்துக்காட்டுவதே உணவுக் கல்வியின் பணியாகும்.